வடிகட்டியை அறுத்த பிறகு

டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி இறக்கினேன்.
தே தாரிக் நிறத்தில் வந்தது எண்ணெய்,
நுரையும் சேர்த்து.

சாங்கி முனைத் துறையில்
ஞாயிறு வரிசை நிற்கிறது உபின் போக,
சைக்கிள்களோடு.
"மினியாக் மட்டும் மாற்று, போதும்லா"
என்கிறார் ஜுரைமி.

சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டேன்.
படபடவென்று வெடித்தது.
தண்ணீர்தான்.
கூலண்ட் தொட்டி குறையவில்லை;
அப்படியானால் கடல்.
எண்ணெயை ஆற்றும் குழாயில்
ஊசித்துளை கண்டுபிடித்து வந்திருக்கிறது.

அதற்கு வைத்தியம் உண்டு.
வடிகட்டியை அறுத்து
மடிப்பு மடிப்பாக நேற்றைய முரசின் மேல் விரித்தபோதுதான்
என்னவோ மினுங்கியது.
காந்தத்தைக் காட்டினேன்.
அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
இரும்பென்றால் ஓடி வந்து ஒட்டியிருக்கும்.
இது பேரிங்கின் செம்பு.

"சத்தம் கேட்கலையா உங்களுக்கு?"

ஜுரைமி வானொலியைப் பார்த்தார்.
பிறகு சுக்கானுக்கு அடியில் கைவிட்டு
ஒரு வயரை இழுத்துக் காட்டினார்:
அபாய மணியின் வயர்.
அவரே வெட்டி
அழகாக டேப் சுற்றியிருந்தார்.
"பயணிகள் பயப்படுகிறார்கள்."

சாவியை உருவி
என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்,
கையைத் துடைக்காமலே.
நல்ல சட்டை.