கதவு விழும் வரை

அக்டோபரில் ரினோவின் தொடை கிழிந்தது.
முப்பத்தெட்டுத் தையல்.
கத்திக்குத்தா என்று நர்ஸ் கேட்டாள்.
பன்றி என்றான் என் தம்பி
தரையைப் பார்த்துக்கொண்டு,
தன் தப்பைச் சொல்வதுபோல.

நாய் பெப்பே திரும்பவில்லை.
மறுதாம்புக் கரும்புக்குள் கழுத்துப்பட்டை கிடைத்தது,
கொக்கி கழலாமலே.

பொறி கட்டித் தந்த ஹென்ஷா
ஒன்றுதான் சொன்னார்:
அவசரப்படாதே, லொரெடானா.
மொத்தக் கூட்டமும் உள்ளே வரட்டும்.
வெளியே நின்று பார்த்த ஒன்று போதும்,
ஹெர்பர்ட் ஆற்றங்கரை முழுக்க
பாடம் நடத்திவிடும்.

ஆகவே விருந்து வைத்தேன்.
இரும்புவலை வட்டத்தின் நடுவே
மொலாசஸில் ஊறிப் புளித்த மக்காச்சோளம்,
ஒரு தள்ளுவண்டி மாம்பழம்.
என் பிள்ளைகளுக்குக்கூட
இத்தனை ஒழுங்காய் நான் பரிமாறியதில்லை.

இரவில் படுக்கையில் போன்.
சாம்பல் நிறத்தில் புல்.
முதலில் குட்டிகள், பிறகு தாய்கள்.
ஒன்பது, பதினொன்று, பதினான்கு.
கட்டைவிரல் திரைக்கு மேலே தொங்கும்,
கதவு தொங்குவதுபோல.
அது மட்டும் வராது.
வலைக்கு வெளியே, கேமராவின் ஓரத்தில்,
ஒரு தோளும் அரைக் கொம்பும்.

பத்தொன்பது இரவு.
ரினோ கழிப்பறைக்கு நொண்டிப் போகும் சத்தம்.
வந்ததா?
இல்லை.

இருபதாவது இரவு, இரண்டு மணி பத்து நிமிடம்.
வந்தது.
தன் வீட்டுக்குள் வருவதுபோல் வந்தது.
விரலை வைத்தேன்.

கூட்டம் வலையில் மோதிச் சிதறியது,
குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின,
போனில் சத்தம் இல்லை என்பதால்
எல்லாம் பஞ்சால் செய்தவை போலிருந்தன.
ஏனம் மட்டும் ஒரு முறை சுற்றி வந்தது.
கதவை முகர்ந்தது.
பிறகு மாம்பழத்திடம் திரும்பிவிட்டது.
விடியும்வரை தின்றது.

ரினோவால் வண்டியில் ஏற முடியவில்லை.
துப்பாக்கியை நான் எடுத்துக்கொண்டேன்.
பதினைந்துக்குப் பதினேழு தோட்டா,
கை நடுங்கியதில் இரண்டு வீண்.
அதற்கு ஒன்றுதான்.
காலடியில் கொட்டைகள்,
நார்கூட மிச்சமில்லாமல்,
அத்தனை சுத்தமாய்.

உன்னைப் பார்த்ததா என்று கேட்டான் ரினோ.
இல்லை என்றேன்.

மழை பிடித்துவிட்டது. கரும்பு இடுப்பளவு.
இன்னும் இரண்டு மணி பத்துக்கு விழிப்பு வருகிறது.
போனைத் திறக்கிறேன்:
தூக்கிய கதவு, ஈரப் புல்,
உள்ளே உட்கார்ந்து எதையோ கொறிக்கும்
முயலளவு வாலபி ஒன்று.
விரல் எதற்கோ
திரையின் மேலேயே நிற்கிறது.