இடையில் ஒரு கோடு

புளியந்தோப்பிலிருந்து வந்த ஐஸ்பெட்டியில்
இருபத்திமூன்று குழாய்கள்.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர்.
மொய்தீன் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.
ஹெல்மெட்டிலிருந்து மழை சொட்டச் சொட்ட
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான்.

சுழற்றி எடுத்ததும் நிறம் பார்ப்பேன்.
இயந்திரமும் பார்க்கும்,
ஆனாலும் நான் பார்ப்பேன்.
வைக்கோல் மஞ்சள் என்றால் நல்லது.
ரோஸ்மில்க் என்றால்
ஊசி நரம்போடு மல்லுக்கட்டியிருக்கிறது.
உடைந்த சிவப்பணுக்கள்
புரதக் கணக்கில் தங்கள் பங்கையும் எழுதிவிடும்.
மோர் போலக் கலங்கியிருந்தால்
வெறும் வயிறு என்றவர் வெறும் வயிறு இல்லை.
நேற்று ஒருவர் போனில் சத்தியமே செய்தார்.
குழாய்க்குள் ஆட்டுக்கால் பாயா மிதந்துகொண்டிருந்தது.

பதினேழாம் எண் அப்படியெல்லாம் இல்லை.
தெளிவு. நல்ல மஞ்சள்.
ரூத் பாக்கியம், ஐம்பத்தேழு, பெண்.
மொத்தப் புரதம் மட்டும் கொஞ்சம் கூட.
ஜெல்லில் ஓடவிட்டுச் சாயமேற்றி
கழுவித் தூக்கிப் பார்த்தால்
பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே
ஒரு கோடு.
பிளேடால் கீறியது போல.

இந்தக் கோட்டுக்கு ஒரு பெயர் உண்டு,
நான் வாய்விட்டுச் சொல்வதில்லை.
இடுப்பெலும்பில் இறங்கும் ஊசி, அடையாறு,
டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலி, வீட்டுப் பத்திரம்.
ஒரு கோடு இவ்வளவையும் இழுத்து வரும்.

டாக்டர் ஹஃப்ஸா நாலு மணிக்குத்தான் வருவார்.
ரிப்போர்ட் மூன்றுக்குப் போக வேண்டும்.

சீட்டைத் திருப்பினேன்.
பின்பக்கம், மழையில் கசிந்த மையில்:
டயாலிசிஸ் முடிந்து எடுத்தது.

டயாலிசிஸ் என்றால் ஹெப்பாரின்.
ஹெப்பாரின் என்றால் உறைய மனமில்லாத ரத்தம்.
கட்டியோடு போயிருக்க வேண்டிய பைப்ரினோஜன்
சீரத்திலேயே தங்கிவிடும்,
கல்யாணம் முடிந்தும் மண்டபத்தைக் காலி செய்யாத
மாப்பிள்ளை வீட்டு மாமா போல.

ஒரு துளி திராம்பின்.
பத்து நிமிடம்.
சாய்த்துப் பார்த்தால்
ஊறிய ஜவ்வரிசி மாதிரி ஏதோ திரண்டிருந்தது.
அதைச் சுழற்றி ஒதுக்கி
மறுபடி ஓட்டினேன்.
ஆல்புமின், ஆல்பா ஒன்று, ஆல்பா இரண்டு, பீட்டா,
ஒன்றுமில்லை,
காமா.
அந்த ஒன்றுமில்லையை மூன்று தடவை பார்த்தேன்.

மொய்தீனைக் கூப்பிட்டேன்.
டயாலிசிஸுக்கு முன்னால் எடு, சிவப்பு மூடி,
அரைமணி நேரம் அசைக்காமல் நிற்க வை.
"ஏன் மேடம், கெட்டுப்போச்சா?"
"கெடல. முழுசா உறையல."
"அந்தம்மா கேப்பாங்களே."
"சாம்பிள் பத்தலன்னு சொல்லு."

பொய்தான்.
பதினேழாம் குழாயில் இன்னும் பாதி இருக்கிறது.

ஓட்டேரி நல்லா பக்கம் தண்ணீர் ஏறுகிறதாம்.
ரூத் பாக்கியத்தை நான் பார்த்ததில்லை.
அவருக்கும் தெரியாது,
பன்னிரண்டே காலிலிருந்து இரண்டரை வரை
தனக்கு ஒரு நோய் இருந்ததென்று.