காலி வேகன்கள்

போர்ட் ஹெட்லாண்டில்
துணிக்கொடி சிவப்பு, நாய் சிவப்பு,
வெள்ளைக் கொரெல்லாப் பறவைகளின் அடிவயிறும் சிவப்பு.
நான் மட்டும் வெளுத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை
தாதுவை உலர்த்துவது, பொடிப்பது, நிறுப்பது,
இரும்பு அறுபத்தொன்று புள்ளி எட்டு சதவீதம்
என்று எழுதிக் கையெழுத்திடுவது.
ஒரு தசமம் பிசகினால் கப்பல் கம்பெனிக்காரன் போனில் கத்துவான்.

என் மாதக் கணக்கை யாரும் நிறுத்ததில்லை.
ஏழு நாள், எட்டு நாள்,
இரவுப் பணியில் மணிக்கொரு தரம் கழிப்பறை.
வயிறு சரியில்லையா என்றான் டாரில்.
ஆமாம், வயிறுதான்.

முதலில் ஐஸ்.
குளிர்பெட்டியில் கையை விட்டு
கடைவாய் கூசக் கூசக் கடித்தேன்.
பிறகு பச்சரிசி.
பிறகு,
இதை இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை,
நிறுத்த தட்டில் மிஞ்சிய தூளை
விரல் நுனியால் ஒற்றி நாக்கில் வைத்தேன்.
மழைக்கு முன் தகரக்கூரை மணக்குமே, அந்த ருசி.
கதவைப் பார்த்தேன்.
மறுபடி ஒற்றினேன்.

இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள்.
ஈ பசித்து வந்திருக்கலாம்.

சோகை என்றால் எங்கள் பக்கம் கரும்பின் காய்ந்த இலை.
உரசினால் கையை அறுக்கும், ஒரு தீக்குச்சி போதும்.
நாலு படி ஏறினால் என் மூச்சு
அப்படித்தான் சரசரத்தது.

டாக்டர் திரையைத் திருப்பினார்.
ஹீமோகுளோபின் எழுபத்தெட்டு.
ஃபெரிட்டின் நான்கு.
கிடங்கு காலி, என்றார்.
சுமந்துபோகும் டிரான்ஸ்ஃபெரின் மட்டும் ஏராளம்,
எல்லாம் வெறுமனே ஓடுகிறது.

அது எனக்குப் புரிந்தது.
விடியலில் சுரங்கத்துக்குத் திரும்பும் ரயிலை
கேட்டில் நின்று எண்ணியிருக்கிறேன்,
இருநூற்று அறுபத்துச் சொச்சம் வேகன்.
நிறைந்து வருகையில் தரை முனகும்.
காலியாகப் போகையில்தான் இரைச்சல்.
இரவெல்லாம் என் காதுக்குள் அடித்துக்கொண்டது அதுதானா?

உடம்பு மொத்தத்துக்கும் மூன்று கிராம் போதுமாம்.
மூன்று கிராம்!
ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல்
இரண்டு லட்சம் டன்னோடு அலைக்காகக் காத்திருந்தது.
குடல் கல்லை வாங்காது.
நான் நக்கிய தூளெல்லாம் வந்த வழியே போயிருக்கும்.
சோற்றோடு டீயும் குடித்து
கிடைத்த கொஞ்சத்தையும் வாசலில் மறித்திருக்கிறேன்.

நர்ஸ் மேரிசெல்லுக்கு குழலி வரவில்லை.
குலாலி, குலாலி என்றபடி நரம்பைத் தேடினாள்.
பையில் டிக்காஷன் நிறத்தில் இரும்பு.
கையை அசைக்காதே, தோலுக்குள் கசிந்தால் கறை,
ஆயுசுக்கும் போகாது.
ஊரே கறையாய்க் கிடக்கிறது,
இங்கே ஒரு சொட்டுக்கு இத்தனை பத்திரம்.
சிரிப்பு வந்தது. அசையாமல் சிரித்தேன்.

ஆறாவது வாரம்
ஐஸ் வெறும் தண்ணீராகிவிட்டது.
தட்டில் கிடந்த தூளும் வெறும் தூள்.
ஈரத்துணியால் துடைத்தேன்.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது,
எனக்கே எனக்கென்றிருந்த ஒரு கெட்ட பழக்கம்
சொல்லாமல் போய்விட்டதே என்று.

கட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.
பதினேழாம் தேதி பெர்த்துக்கு விமானம்.
விடுப்புச் சீட்டை நீட்டியபோது
டாரில் கேட்டான், மறுபடி வயிறா?
இல்லை, கருப்பை.
பேனாவைக் கீழே வைத்தான்,
எடுத்தான்,
எத்தனை நாள் வேண்டும் என்றான்.