இஞ்சங்கா, ஞாயிறு 10.42

மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த மரக்கூண்டு என்னுடையது.
மற்ற நாளெல்லாம் பைன்டவுனில் வரிக்கணக்கு.

வெறுங்கையால் நெம்புகோலைத் தொடக் கூடாது,
வியர்வை பட்டால் எஃகு துருவேறும்.
துணி சுற்றிப் பிடித்து, இடக்காலை ஊன்றி
உடம்பையே பின்னால் சாய்த்தால்தான்
முந்நூறு கெஜம் தள்ளிக் கம்பி அசையும்.

இரண்டு மணி. வண்டி கிளம்பிவிட்டது.
கறுப்பு நான்கு: தண்டவாளம் திரும்பியது.
நீலம் ஐந்து: பூட்டு.
பாதியில் நின்றது.

பூட்டு விழாமல் சிவப்பு ஏழு வராது.
இழுத்தேன். கெஞ்சியும் பார்த்தேன்.
இரும்புக்குத் தாட்சண்யம் கிடையாது.

வளைவில் வண்டி ஊதுகிறது,
ஊதிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் ஹிக்ஸ்
நான் தூங்குவதாக நினைத்திருப்பார்.

கொடியோடு ஓடிய ஸகேலே
குனிந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினான்:
நகரும் தண்டவாளத்துக்கும் நிற்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
குரங்கு போட்டுப்போன
மக்கடாமியா கொட்டை.

நான்கை மறுபடி போட்டேன்.
ஐந்து ணங்கென்று உட்கார்ந்தது.
கைகாட்டி இறங்கியது.

பதிவேட்டில் தாமதம் நான்கு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில் 'குரங்கு' என்று எழுதி,
அடித்து,
மறுபடி 'குரங்கு' என்றே எழுதினேன்.

கொட்டை இப்போது மணிக்குப் பக்கத்தில்.
அடுத்த வண்டிக்கு ஒரு மணிநேரம் இருக்கிறது.
கதவிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தேன்,
கதவுதான் விரிந்தது.