சீவலப்பேரி பஸ் இன்னும் வரல

பாளை மார்க்கெட் பின்பக்கம், முதல் மாடி.
கீழே கோழிக்கடை. மேலே நாங்கள்:
பூப்புனித நீராட்டு, கடைத்திறப்பு, கண்ணீர் அஞ்சலி.
செல்லையா அண்ணாச்சி காசு கொடுத்து
மென்பொருள் வாங்கமாட்டார்.
சும்மா கிடைத்த ஒன்றில்தான்
இந்தப் பக்கத்துச் சாவுகளில் பாதியை
நான் வடிவமைத்தேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம்
பசை காயாத போஸ்டரோடு ஒருவர் வந்தார்.
மேல் வரி 'ஆவுடையப்பன' என்று நின்றுவிட்டது.
கீழ் வரித் தொடக்கத்தில்
விட்டுவிட்டு வரைந்த ஒரு வெற்று வட்டம்,
அதன் தலையில்
ஊர் மாறி இறங்கிய அந்தப் புள்ளி.
'எங்கய்யா செத்தாரு, சரி.
பேரையும் சேத்தா கொல்லுவிய?'

எட்டரை பஸ்ஸை விட்டால் அடுத்தது பத்தே கால்.
அந்த இடைவெளியில் அதன் வயிற்றைத் திறந்தேன்.
யாரையும் கேட்கவேண்டாம்,
சும்மா என்பதில் அதுவும் சேர்த்தி.
எழுபதாயிரம் வரி.
பாலிடெக்னிக்கில் பாதியில் விட்ட படிப்பு
அதில் ஒரு நூறு வரிக்குக் காணும்.

எந்த வரியை யார் எழுதியது என்று காட்ட
ஒரு கட்டளை உண்டு.
அதற்கு அவர்கள் வைத்த பேர்: பழி.
பழி கேட்டேன்.
பதினோரு வருஷத்துக்கு முந்திய பிப்ரவரி,
யாரோ மத்தியாஸ்.
பக்கத்தில் அவரே எழுதிய குறிப்பு:
இந்திய எழுத்துகள், பிறகு பார்க்கலாம்.
கோபம் வரவில்லை.
இதைவிட நீளமான பிறகுகளை
மின்வாரிய ஆபீஸில் பார்த்திருக்கிறேன்.

மூன்று வாரம் ஆயிற்று.
ஒரு வரி கழித்தேன், இரண்டு வரி கூட்டினேன்.
மெய்யைத் தூக்கினால்
புள்ளியோடு தூக்கு,
அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

அனுப்பிவிட்டுப் பத்தொன்பது நாள்
என் இங்கிலீஷை நானே திரும்பத் திரும்ப வாசித்தேன்.
இருபதாம் நாள் இங்க்ரித் என்றொருத்தி:
நன்றி. திருத்தம் சரி. சோதனை எங்கே?
உன் வரிகள் இல்லாவிட்டால் தோற்கிற,
இருந்தால் ஜெயிக்கிற
ஒரு வாக்கியம் வேண்டும், உன் மொழியில்.

என்னத்தை எழுத.
ஆவுடையப்பனைப் போட மனசில்லை,
அவருக்கு ஒருதரம் நடந்தது போதும்.
பழமொழி போடலாம், எல்லோரும் போடுவது.
மணி பத்து இருபது.
ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டு,
வாழைத்தார்க்காரர் ஒருவர் தாரின் மேல் கைவைத்துத் தூங்குகிறார்.
தட்டினேன்:
சீவலப்பேரி பஸ் இன்னும் வரல.
நாலு புள்ளி. எண்ணிக்கொண்டேன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று இங்க்ரித் கேட்டாள்.
சொன்னேன்.
எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று எழுதி
சேர்த்துக்கொண்டாள்.

'எவ்வளவு தந்தாவ?' என்றார் செல்லையா அண்ணாச்சி.
'ஒண்ணும் இல்ல.'
'பின்ன என்னத்துக்குளா?'
சிவப்பு மை தீர்ந்துபோனதைச் சொன்னேன்.

ஆவுடையப்பன் வீட்டார் முதலாண்டு நினைவஞ்சலியை
முருகன்குறிச்சியில் வேறு கடையில் அடித்தார்கள்.
சுவரில் பார்த்தேன்.
பேர் முழுசாக இருந்தது.
அது எந்த மென்பொருளோ.

இப்போது அந்த வரியில் பழி கேட்டால்
சங்கரவடிவு என்று வரும்.
எவரோ எங்கேயோ
ஒரு காற்புள்ளியை நகர்த்தினாலும்
எந்திரம் என் வாக்கியத்தை இழுத்துவைத்து
ஓரத்தில் மடக்கிப் பார்க்கிறது,
அறுநூற்றுச் சொச்சம் சோதனைகளில் ஒன்றாக.
பச்சை விழுந்தால்
சீவலப்பேரி பஸ் இன்னும் வரல,
எல்லாம் சரி.

அன்றைக்கு அது பத்து ஐம்பதுக்கு வந்தது.
வாழைத்தாரை மேலே ஏற்ற ஒரு கை கொடுத்தேன்.
வந்துவிட்டதென்று
நான் எங்கேயும் திருத்தவில்லை.