செவ்வாய், ஆறரை மணி

கெட்டரிங் நூலகத்து மாடியில்
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடும்.
சுடும் பக்கத்தில் டெஸ்ஃபாலெம் இருப்பான், தூங்குவதற்கு.
மோர்வென்னா பலகையில் மூன்று எழுத்து எழுதினாள்:
என்.எல்.பி.
எனக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

கண்ணை மூடுங்கள் என்றாள்.
நீங்கள் வென்ற ஒரு நாளை எடுங்கள்,
அதன் நிறம், அதன் சத்தம்,
இன்னும் கிட்டே, இன்னும் பெரிதாய்.
நிரம்பி வரும்போது
கட்டைவிரலால் சுட்டுவிரலை அழுத்துங்கள்.
அதுதான் நங்கூரம்.
பிறகு எப்போது அழுத்தினாலும்
அந்த நாள் வந்து பக்கத்தில் நிற்கும்,
இங்கிலீஷ் தன்பாட்டில் வரும்.

எனக்குச் சிரிப்பு.
இது சின்முத்திரை அல்லவா?
ஆலமரத்தடியில் ஒரு சொல்லும் சொல்லாமல்
பாடத்தை முடித்த தட்சிணாமூர்த்தியின் விரல்.
வாய் மூடியிருந்தவரின் விரலைக் கொண்டு
என் வாயைத் திறக்கப் பார்க்கிறாள்
இந்தக் கார்ன்வால்காரி.

வென்ற நாள்?
தேடினேன்.
பரிசளிப்பு மேடை ஒன்று வந்தது; அதில் நின்றது அக்கா.
கல்யாண வீடியோ வந்தது;
அதில் எல்லாரும் வென்றிருந்தார்கள், என்னைத் தவிர.
விரல்களைச் சேர்க்காமலே வைத்திருந்தேன்.
பக்கத்தில் டொய்னா அழுத்திய அழுத்தில்
நகம் வெளுத்திருந்தது.
எதை வென்றாளோ.

அடுத்த வாரம் கண்ணாடிப் பயிற்சி.
எதிரே இருப்பவரைப் போலவே உட்காருங்கள்,
அவர் செய்வதைச் செய்யுங்கள், நெருக்கம் பிறக்கும்.
டெஸ்ஃபாலெம் கொட்டாவி விட்டான்.
நான் விட்டேன். டொய்னா விட்டாள்.
ஒன்பது நாடுகள் ஒரே இலக்கணத்தில் கொட்டாவி விட்டன.
கடைசியாக மோர்வென்னாவும்.
அன்றைக்குத்தான் பிறந்தது.

"முடியாது" என்று சொல்லாதீர்கள்,
"இன்னும் இல்லை" என்று சொல்லுங்கள் என்று
பெரிதாக எழுதிப்போட்டாள் ஒருநாள்.
நான் கை தூக்கினேன்.
மிஸ், இதை ஹோம் ஆபிஸ் எங்களுக்கு
ஐந்து வருஷமாகக் கற்றுத் தருகிறது,
கடிதத்துக்குக் கடிதம்.
காலம் பிசகி, வினைச்சொல் குப்புற விழத்தான் சொன்னேன்.
அவளுக்கு விளங்கிவிட்டது.
பேனா மூடியைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தாள்.
பிறகு "இல்லை"யை மட்டும் அழித்தாள்.

வெள்ளி இரவு, சான்ட்விச் ஃபேக்டரி.
கையுறை கழற்றியும் விரலைவிட்டுப் போகாத வெள்ளரிக் குளிர்.
லைன் லீடர் கிரெய்க் வாசலில் நின்று
என்ன இன்னும் இடைவேளை, எழும்பு என்றான்.
விரல் தானாக அழுத்தியது.
வென்ற நாள் எதுவும் வரவில்லை.
நூலகக் கம்பளத்தின் ஈர நாற்றம் வந்தது,
வரிசையாகக் கொட்டாவிகள் வந்தன.
"எனக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு,"
என்றேன், அவன் மொழியில்.
அவன் மணிக்கூட்டைப் பார்த்தான்.
நாலு நிமிஷமும் இருந்தேன்.
தேத்தண்ணி எப்போதோ முடிந்திருந்தது.

இந்தச் செவ்வாய் பின்வரிசையில் ஒரு புதியவர்.
மடியில் கம்ப்யூட்டர், கழுத்தில் அட்டை.
வகுப்பு நடக்குமா நிற்குமா என்பது
அவர் தட்டுவதில் இருக்கிறதாம்.
மோர்வென்னா இறந்தகாலம் நடத்தினாள்.
குரல் படிபடியாக இறங்கிப்போனது.
யாராவது ஒரு வாக்கியம்?
ஒருவரும் இல்லை. ஹீட்டர் மட்டும் டிக், டிக்.
மேசைக்குப் பின்னால் அவள் இடக்கையைப் பார்த்தேன்.
கட்டைவிரல், சுட்டுவிரல்.
அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி...
பாவம், அவளுக்கும் எதுவும் வரவில்லை.

எழுந்தேன்.
"வெள்ளிக்கிழமை நான் என் நாலு நிமிஷத்தை எடுத்தேன்,"
என்று தொடங்கினேன்.
"எடுத்தேன்" பிழை.
டெஸ்ஃபாலெம் விழித்துக்கொண்டு
திருத்தினான்.