மயிரிழை

வண்ணார்பேட்டை, மாடி, ஒற்றை மேசை.
கீழே பஸ் திரும்பினால்
எட்டாம் நம்பர் லேசாக நடுங்கும்.

அவன் கோலுக்கு டிப் ஒட்டியது நான்தான்.
ஒரு ராத்திரி காயவிட்டு
உப்புத்தாளில் தேய்த்து வளைவு எடுத்தேன்.
நல்ல தோல். அடித்தால் 'தப்'பென்று விழும்;
பந்து ஒரு கணம் ஒட்டி நின்று
யோசித்துவிட்டுப் போகும்.

இன்றைக்கு 'டிக்'.
கூடவே, தட்டிப் பார்த்துத்
திருப்பி வைத்த பானையின் சத்தம்.

தோலில் குறையில்லை.
அதற்குக் கீழே, வெள்ளை ஃபெரூலில்
மயிரிழையாய் ஒரு வெடிப்பு.

செய்யது மசூதுக்குக் கேட்கவில்லை.
சாக் தேய்த்தபடி
'ஏல, முகம் ஏன் செத்துக் கிடக்கு?' என்கிறான்.

இருநூறு ரூபாய் ஆட்டம்.
ஒட்டுக்கூலி வேறு பாக்கி.

சொல்லிவிடலாம்.

அவன் குனிகிறான்.
கறுப்புக்கும் குழிக்கும் ஒரு சாண்.
கீழே, ஜங்ஷன் பஸ்
ஹாரன் அடித்துத் திரும்புகிறது.